இருப்பும் ஓட்டமும்: அன்றாட அளவுச் சொற்களைப் படிக்கும் விதம்

மழைக்காலத்தில் நாளிதழ்களின் உள்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வரும். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்இருப்பு இத்தனை டி.எம்.சி., நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. காவிரிப் படுகை விவசாயிக்கு இந்த நான்கு எண்களும் தலைகீழ்ப் பாடம். மற்றவர்களில் பெரும்பாலோர் நான்கையும் ஒரே தட்டில் வைத்து, நிறைய இருக்கிறது அல்லது குறைவாக இருக்கிறது என்ற அளவில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். உண்மையில் அவை ஒரே சாதி எண்கள் அல்ல. அடி என்பது உயரம். டி.எம்.சி. என்பது இருப்பு, ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடித் தண்ணீர், லிட்டரில் ஏறக்குறைய 2,832 கோடி. வரத்தும் வெளியேற்றமும் ஓட்டம். ஒவ்வொரு விநாடியும் எத்தனை கன அடி என்ற கணக்கு. அந்த ‘விநாடிக்கு’ என்ற சொல்லைப் பல செய்திகள் விழுங்கிவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஓட்டத்தை இருப்பாக மாற்றக் காலத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். இந்த ஒரு எண் கையில் இருந்தால் போதும், காவிரிச் செய்திகள் பாதி புரிந்துவிடும். 2023 ஆகஸ்டு கடைசியில் தமிழகத்துக்கு 15 நாள்கள் விநாடிக்கு 5,000 கன அடி திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கர்நாடகத்தில் அதற்கே கொதிப்பு. இங்கே அது போதாது என்ற குமுறல். பெருக்கிப் பார்த்தால் 15 நாளும் சேர்த்து 6.48 டி.எம்.சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதால், அணையில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்குதான். ஐயாயிரம் என்று கேட்கும்போது பெரிதாகவும் ஆறரை என்று கேட்கும்போது சிறிதாகவும் தெரிவது ஒரே தண்ணீர். எந்த எண்ணைச் சொன்னால் தன் பக்கம் வலுக்கும் என்று அரசியல்வாதிக்குத் தெரியும். கேட்பவருக்கும் தெரிந்திருந்தால் நல்லது.

உயரமும் ஏமாற்றும். மேட்டூரின் முழு உயரம் 120 அடி. நூறு அடி நிறைந்துவிட்டால் ஆறில் ஐந்து பங்கு நிறைந்ததாக மனம் கணக்குப் போடும். ஆனால் நூறு அடியில் இருப்பு சுமார் 65 டி.எம்.சி.தான், மேலே உள்ள இருபது அடியில் மட்டும் இன்னொரு 28 டி.எம்.சி. கொள்ளும். நீர்த்தேக்கம் மேலே போகப் போக அகன்றுகொண்டே போவதால் இப்படி. அதனால்தான் கடைசி இருபது அடிக்கு டெல்டாவில் அத்தனை ஏக்கம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றி இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. டிசம்பர் முதல் தேதி திறந்துவிடப்பட்டது விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அந்த வேகம் ஒரு முழு நாள் நீடித்தால் இரண்டரை டி.எம்.சி.; அதாவது நிறைந்த ஏரியில் மூன்றில் இரண்டு பங்கு. யார் தவறு என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ‘ஏரியில் இவ்வளவுதானே இருந்தது’ என்று இருப்பை மட்டும் சொல்லி வாதிடுபவர் அடையாற்றுக் கரையில் நின்றவரின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கரையை உடைப்பது ஓட்டம்.

இதே பிரிவினை வீட்டுக்குள் வரும்போது அதன் பெயர் வாட், யூனிட். வாட் என்பது ஓட்டம்: இந்தக் கருவி இப்போது எவ்வளவு வேகத்தில் மின்சாரத்தை இழுக்கிறது. யூனிட் என்பது சேர்ந்த அளவு: ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பத்தாம் வகுப்புப் பாடம்தான். ஆனால் கடையில் நிற்கும்போது இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கீசர் 2,000 வாட் என்றதும் பயப்படுகிறோம். மின்விசிறி 75 வாட் என்றதும் அலட்சியப்படுத்துகிறோம். கீசர் கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட். கூடத்து மின்விசிறி நாளுக்கு 20 மணி நேரம் சுற்றினால் ஒன்றரை யூனிட். இரண்டு மாத பில்லில் அந்த ஒரே விசிறி 90 யூனிட். பி.எல்.டி.சி. என்று இப்போது விற்கும் விசிறி 30 வாட் அளவில் ஓடும். அதே இருபது மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட். மூன்று விசிறி உள்ள வீட்டில் இது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். டி.வி.யை அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டுவிடும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பத்து வாட்தான், ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும். இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல் போகிறது.

நம்பிக்கை வராதவர்கள் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது அச்சிடப்பட்டிருக்கும்; பல மீட்டர்களில் அது 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டால் ஒன்றேகால் விநாடிக்குள் ஒருமுறை சிமிட்டும். கீசரைப் போட்டால் அந்த வேகம் இரட்டிப்பாகும். ஒரே ஒரு விசிறி என்றால் பதினைந்து விநாடி காத்திருக்க வேண்டும். சிமிட்டும் வேகம் வாட். சிமிட்டல்களின் மொத்தக் கூட்டல் யூனிட். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் காட்டிவிட்டால் பிறகு அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

தமிழ்நாட்டில் யூனிட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை இல்லை. 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையை எடுத்துப் பாருங்கள்; அன்றைய விலைகள் இவை. மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 501 ஆகிவிட்டால், அதே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் 4.50 ரூபாய். ஐநூற்றி ஒன்றாவது யூனிட்டின் சொந்த விலை 8 ரூபாய். ஆனால் அது பில்லில் ஏற்றிவிடும் தொகை 233 ரூபாய். மே, ஜூன் பில்லைப் பார்த்து ‘மீட்டர் ஓடுகிறது’ என்று புகார் கொடுக்கப் போகிறவர்களில் பலரது வீட்டில் மீட்டர் சரியாகத்தான் இருக்கும். எல்லையைத் தாண்டியதுதான் காரணம்.

வாட் என்ற பெயருக்குரிய ஜேம்ஸ் வாட் மின்சாரத்தோடு சம்பந்தப்பட்டவர் இல்லை. நீராவி இயந்திரத்தை மேம்படுத்தி விற்றவர். சுரங்கத்திலும் மதுபான ஆலையிலும் குதிரைகளை வைத்து வேலை வாங்கிய முதலாளிகளிடம் ‘இது எத்தனை குதிரைக்குச் சமம்’ என்று சொன்னால்தான் வியாபாரம் நடக்கும். அப்படி அவர் கணக்கிட்டு வைத்ததுதான் குதிரைத்திறன். ஒரு எச்.பி. 746 வாட். நம் ஊரில் கிணற்று மோட்டாரும் மாடித் தொட்டி மோட்டாரும் இன்றும் எச்.பி.யில்தான் விலை பேசப்படுகின்றன. அதில் ஒரு நுணுக்கம்: எச்.பி. என்பது மோட்டார் தண்டில் வெளியே தரும் திறன். மின்சாரம் இழுப்பது அதைவிட அதிகம். ஒரு எச்.பி. மோட்டார் ஏறக்குறைய ஆயிரம் வாட் இழுக்கும். வாட் என்ற அலகுக்கு அந்தப் பெயரை முன்மொழிந்தவர் வில்லியம் சீமன்ஸ், 1882-ல்; வாட் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

ஆம்பியர் என்ற சொல்லை எலக்ட்ரீஷியன்கள் ‘ஆம்ப்ஸ்’ ஆக்கிவிட்டார்கள். ‘இதுக்கு பதினைஞ்சு ஆம்ப்ஸ் பிளக்கு வேணும் சார்.’ கம்பியில் ஓடும் மின்னோட்டம் அது. வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிடைக்கும். 2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சின்ன பிளக்கில் அதைச் செருகினால் பிளக் கருகும். இதெல்லாம் வசதிப் பிரச்சினை. உயிர்ப் பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. வீட்டு மெயின் பெட்டியில் உள்ள எம்.சி.பி. கம்பி சூடேறாமல் காப்பது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியரைக் கணிசமாகத் தாண்டினால்தான் விழும். மனித உடம்பில் பாய்ந்து இதயத்தை நிறுத்த ஓர் ஆம்பியரில் சிறு பகுதியே போதும். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு எடுத்துக்கொள்வது 40 மில்லி ஆம்பியர் அளவு. அந்த அளவு மின்சாரம் உடம்பு வழியாகப் போனாலே ஆபத்து, எம்.சி.பி.க்கோ அது தூசு. அதனால்தான் ஆர்.சி.சி.பி. என்று தனியாக ஒன்று வேண்டும். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே அது துண்டித்துவிடும். ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டு இறந்தவர்கள் செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. வீடு கட்டும்போது டைல்ஸுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் சில ஆயிரத்தில் முடியும் இந்த ஒன்றை ‘எம்.சி.பி.தான் இருக்கே’ என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு காவல். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

ஏ.சி. வாங்கப் போனால் முதல் கேள்வி ‘எத்தனை டன்?’ டன் என்றதும் எடை என்று தோன்றும். சுவரில் மாட்டும் பெட்டி ஒன்றரை டன் எடை இருக்க முடியாது என்பது அடுத்த நொடி உறைக்கும். இதன் வேர் பனிக்கட்டி வியாபாரத்தில் இருக்கிறது. குளிரூட்டும் இயந்திரம் வருவதற்கு முன் அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றார்கள். பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் இந்த வியாபாரத்தில் பேர்போனவர். அவருடைய பனிக்கட்டி 1833-ல் கல்கத்தாவில் இறங்கியது. சென்னையில் அதைச் சேமிக்க 1842-ல் கடற்கரையோரம் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ்; பிற்பாடு 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். இயந்திரம் வந்தபோது அதை விற்றவர்கள் பழைய வாடிக்கையாளருக்குப் புரியும் கணக்கில் சொன்னார்கள்: ஒரு நாளில் இத்தனை டன் பனிக்கட்டி உருகி உறிஞ்சும் வெப்பத்தை இது எடுக்கும். அமெரிக்க டன் 907 கிலோ. அதை உருக்கும் வெப்பத்தை 24 மணி நேரத்தால் வகுத்தால் சுமார் 3,500 வாட். அதுதான் ஒரு டன் ஏ.சி. ஆக, டன்னும் ஓட்டம்தான். அறையிலிருந்து வெப்பத்தை வெளியே தள்ளும் வேகம்.

ஒன்றரை டன் ஏ.சி. அறையிலிருந்து 5,000 வாட் அளவு வெப்பத்தை வெளியேற்றும்போது மின்சாரம் இழுப்பது 1,500 வாட் சொச்சம்தான். ஒன்றரைக்கு ஐந்து கிடைப்பது மாயம் இல்லை. ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை இங்கிருந்து அங்கே நகர்த்துகிறது, நகர்த்தும் கூலி மட்டும் மின்சாரத்தில் வாங்குகிறது. அந்தக் கூலி எவ்வளவு மலிவு என்பதைச் சொல்வதுதான் நட்சத்திரம். மின்சாதனங்களுக்கு நட்சத்திர முத்திரையை எரிசக்தித் திறன் பணியகம் 2006-ல் தொடங்கியது. ஏ.சி. முத்திரையில் இப்போது ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் இருக்கும். அது 5 என்றால், பருவம் முழுக்கச் சேர்த்து ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து யூனிட் வெப்பம் வெளியேறுகிறது என்று பொருள்.

ஆனால் நட்சத்திரம் நிலையான பட்டம் அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரம்பை உயர்த்துகிறார்கள். 2022 ஜூலையில் உயர்த்தியபோது அதற்கு முந்தைய நாள் வரை ஐந்து நட்சத்திரமாக இருந்த ஏ.சி. நான்காகிவிட்டது. தள்ளுபடியில் பழைய சரக்கு விற்கும் கடையில் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. முத்திரையில் எந்த ஆண்டுக்கான தரம் என்பதும், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதும் அச்சிட்டிருக்கும். நான் பார்ப்பது அந்த யூனிட் எண்ணைத்தான். நட்சத்திரம் மறைக்கும் வித்தியாசங்களை அது காட்டிவிடும். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும், வெளி வெப்பம் 24 முதல் 43 டிகிரி வரை இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. இரவு எட்டு மணி நேரம் வீதம் 200 நாள் என்றால் 1,600 மணி. சென்னையில் பகலிலும் ஏ.சி. போடும் வீட்டில் முத்திரை எண்ணைக் காட்டிலும் பில் அதிகம் வந்தால் முத்திரை பொய் சொன்னதாக ஆகாது. அளந்த நிலை வேறு, நாம் ஓட்டும் நிலை வேறு.

டன்னில் ஒரு வார்த்தை. ‘பெருசா போட்டுக்கோங்க சார், சீக்கிரம் கூல் ஆகும்’ என்று கடையில் சொல்வார்கள். சின்ன அறைக்குப் பெரிய ஏ.சி. போட்டால் சீக்கிரம் குளிரும், உண்மை. ஆனால் சாதாரண ஏ.சி. சீக்கிரமே நின்றும்விடும். காற்றில் உள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் போதாது. கடலோர ஊரில் புழுக்கம் போகாமல் குளிர் மட்டும் அடிக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையா, நடுத்தளமா என்பதை அறையின் சதுர அடியோடு சேர்த்துக் கேட்கும் விற்பனையாளர் கிடைத்தால் அவரை நம்பலாம்.

இப்படி ‘எந்த நிலையில் அளந்தது’ என்று கேட்க வேண்டிய இன்னொன்று சோலார். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. மூன்று கிலோவாட் போட்டால் நாளுக்கு எவ்வளவு வரும்? இருபத்து நான்கால் பெருக்கி 72 யூனிட் என்று சொன்ன படித்தவர்களையும் கேட்டிருக்கிறேன். சூரியன் இரவில் இல்லை என்பது ஒருபுறம். தகட்டின் வாட் எண்ணே ஆய்வகத்தில் எடுத்தது: சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் ஒளி, தகட்டின் வெப்பம் 25 டிகிரி. நம் மாடியில் வெயிலுக்குத் தகடு 60 டிகிரி வரை காயும். சிலிக்கான் தகடு ஒவ்வொரு டிகிரிக்கும் அரைச் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் திறனை இழக்கும். சூடு ஏற ஏற அதிகம் விளையும் என்று நினைப்பது தவறு. ஒளி வேண்டும், சூடு வேண்டாம். எல்லாம் கழித்து, தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது தாராளம்.

பேட்டரியில் குழப்பம் இன்னும் சாமர்த்தியமானது, ஏனென்றால் எண்ணில் பாதிதான் அச்சிடப்படுகிறது. இன்வெர்ட்டர் பேட்டரி ‘150 ஏ.எச்.’ என்பார்கள், ஆம்பியர்-மணி. வோல்ட்டால் பெருக்கினால்தான் இருப்பு தெரியும்: 12 வோல்ட் பேட்டரியில் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். அதுவும் சி20 என்ற நிபந்தனையோடு. இருபது மணி நேரத்தில் மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் மட்டும் அவ்வளவு. வேகமாக இழுத்தால் ஈய-அமில பேட்டரி அந்த அளவைத் தராது. இன்வெர்ட்டரிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இரண்டு விசிறி, சில விளக்கு, டி.வி. என்று 400 வாட் சுமை இருந்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும். ‘வி.ஏ.’ என்று இன்வெர்ட்டர் பெட்டியில் போட்டிருப்பது எவ்வளவு சுமையை ஒரே நேரத்தில் தாங்கும் என்பது. எவ்வளவு நேரம் என்பதை அது சொல்லாது. நேரத்தைச் சொல்வது பேட்டரி. பெரிய இன்வெர்ட்டரும் சின்ன பேட்டரியும் வாங்கிவிட்டு, கரண்ட் போன ஒரு மணி நேரத்தில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு.

பவர் பேங்க்கும் அப்படியே. 10,000 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே உள்ள செல் 3.7 வோல்ட், ஆக இருப்பு 37 வாட்-மணி. வெளியே வருவது 5 வோல்ட்டில், அதனால் அதே எண் 7,400 ஆகச் சுருங்கும். மாற்றும்போது ஏற்படும் இழப்பும் போக ஆறாயிரம் சொச்சம். 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை நிரப்பலாம் என்று கணக்குப் போட்டவருக்கு ஒரு முறை முழுசாகவும் அடுத்த முறை பாதிக்கும் குறைவாகவும் கிடைக்கும். பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் உண்மை அளவு அச்சிட்டிருப்பதைப் பலர் பார்ப்பதில்லை. விமான நிறுவனங்கள் எம்.ஏ.எச். பக்கமே போவதில்லை, முன்அனுமதி இல்லாமல் 100 வாட்-மணி வரை, அதுவும் கைப்பையில் மட்டும். இருபதாயிரம் எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம்.

பல்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குண்டு பல்பு காலத்தில் வாட்டைச் சொன்னால் வெளிச்சம் தெரிந்துவிடும், எல்லாம் ஒரே வகை என்பதால். இப்போது 9 வாட் எல்.இ.டி. பழைய 60 வாட் குண்டு பல்பைவிடக் கூடுதலாக வெளிச்சம் தருகிறது. லூமன் என்ற எண்தான் வெளிச்சம்; வாட் என்பது பில்.

இணையத்தில் இருப்பும் ஓட்டமும் தெளிவாகவே பிரிந்திருக்கின்றன, ஆனாலும் மக்கள் சண்டை போடுவது இங்கேதான் அதிகம். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. என்பது இருப்பு. 100 எம்.பி.பி.எஸ். என்பது ஓட்டம். ‘நூறு எம்.பி. பிளான் போட்டேன், டவுன்லோடு பன்னிரண்டுலயே நிக்குது’ என்று வாடிக்கையாளர் கோபப்படுவார். இரண்டும் சரிதான். கம்பி நிறுவனம் பிட்டில் எண்ணுகிறது, கணினி பைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. ஒரு ஜி.பி. படம் எண்பது விநாடியில் இறங்கும், எல்லாம் சரியாக இருந்தால். ஒரு டி.பி. ஹார்டு டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் 931 ஜி.பி. என்று காட்டுவதும் மோசடி இல்லை. டிஸ்க் தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. 1998-லேயே இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேறு பெயர்கள் வகுத்தார்கள். சந்தை அதைக் கண்டுகொள்ளவில்லை, பெரிய எண்தான் விற்கும் என்பதால்.

ஒரு படி ஏறினால் பல மடங்காகும் அளவைகள் தனி ரகம். டெசிபெல்லில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வகுத்த வரம்பு பகலில் 55, இரவில் 45. பத்துதானே குறைவு என்று தோன்றும், பத்தில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்கிறார்கள். நிலநடுக்கத்தில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. 2001 குஜராத் நிலநடுக்கம் 7.7, 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவை உலுக்கி நாகப்பட்டினம் வரை கடலை அனுப்பியது 9.1. ஒன்றரைக்கும் குறைவான வித்தியாசம் என்று எண்ணத் தோன்றும். ஆற்றலில் நூறு மடங்குக்கு மேல்.

கடைசியாக, இன்று தமிழ்நாட்டில் அதிகம் துஷ்பிரயோகம் செய்யப்படும் எண்ணுக்கு வருகிறேன்: டி.டி.எஸ். நீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர் பேனா போன்ற ஒரு மீட்டரை உங்கள் குழாய்த் தண்ணீரில் முக்குவார். 640 என்று காட்டும். தன் கருவியிலிருந்து எடுத்த தண்ணீரில் முக்குவார். 40. ‘பாருங்கம்மா, நீங்க குடிக்கிறது இதைத்தான்’ என்பார். அத்தோடு விடாமல் இரண்டு ஜோடிக் கம்பிகள் நீட்டிய ஒரு பெட்டியை எடுத்து இரண்டு டம்ளரிலும் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். உங்கள் தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, சேறாகிவிடும். அவருடையது தெளிவாக நிற்கும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். அன்றே முன்பணம் கைமாறும்.

அந்த மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை. அதிலிருந்து கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மதிப்பிட்டுக் காட்டுகிறது. கால்சியம், மக்னீசியம், சோடியம் எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை. அதில் உடம்புக்கு வேண்டியதும் உண்டு, ருசி தருவதும் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. 640 என்பது சுமாரான நீர், விஷம் அல்ல. பழுப்புச் சேறு எங்கிருந்து வந்தது? அந்தப் பெட்டியின் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புள்ள நீரில் மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாக மிதக்கிறது. வெளிப்பட்ட அழுக்கு கம்பியினுடையது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் நடக்காது. சந்தேகம் இருந்தால் அவருடைய தெளிந்த தண்ணீரில் சமையலறை உப்பை ஒரு சிட்டிகை போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

நாம் பயப்பட வேண்டியவை அந்த மீட்டரின் கண்ணுக்குத் தெரியாதவை. கிருமி மின்சாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. 100 மில்லி நீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம், மீட்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆர்செனிக்கின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், பேனா மீட்டர் ஒரு மில்லிகிராமுக்குக் கீழே எண்ணுவதே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தலைமுறைகளாகப் பல்லையும் எலும்பையும் கெடுத்தது புளோரைடு. அதன் ஏற்கத்தக்க வரம்பு ஒரு மில்லிகிராம், வேறு நீர் இல்லாவிட்டால் ஒன்றரை. மூன்று மில்லிகிராம் புளோரைடு உள்ள கிணற்று நீர் மீட்டரில் 600 காட்டும். ஒரு மில்லிகிராம்கூட இல்லாத இன்னொரு கிணறும் 600 காட்டும். அந்த மாவட்டங்களுக்கு 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது புளோரைடு நோய்க்காகத்தான், டி.டி.எஸ். எண்ணைக் குறைப்பதற்காக அல்ல.

உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உவர் நீர் வரும் பகுதிகளில், 2,000-ஐத் தொடும் ஆழ்துளைக் கிணற்றுக்கு, அது தேவைதான். 500-க்குக் கீழே உள்ள நீருக்கு அது வீண். ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும் கருவி அது, தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில். 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யச் சொல்லி 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. விற்பனை நிற்கவில்லை.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் அங்கே தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கம் செய்த பாட்டில் வேண்டும். எப்படி எடுத்துவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட், கிருமி என்று தனித்தனியாக எழுதி அறிக்கை தருவார்கள். அடுத்த முறை யாராவது பேனா மீட்டரோடு வாசலில் நின்றால், அவர் அதைத் தண்ணீரில் முக்குவதற்கு முன் அந்த அறிக்கையை அவரிடம் நீட்டி, இதில் எந்த வரியைத் தன் கருவி சரிசெய்யும் என்று கேளுங்கள்.